ஐஸ் பெட்டிக்கு வாடகை

மனைவி அம்சவேணி இறந்த காலையில், பந்தல் கான்ட்ராக்டர் பொன்னுரங்கம் தன் குடோனுக்குப் போன் போட்டார். பைபாஸ் ஓரம் வாடகைக்கு எடுத்த அறை அது. நாற்காலி, அண்டா, பிணம் வைக்கும் ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள்தான். ஆள் கிடையாது, கதவைத் திறப்பதும் போனில் பேசி வாடகை கேட்பதும் அந்த அறையேதான்.

"என் ஐஸ் பெட்டிய எடுக்கணும். கதவத் திற."

"பெட்டி வெளியில போயிருக்கு ஐயா. நீங்க மூணு மாசமா வாடகை கட்டல. உங்க சாமான நானே வாடகைக்கு விட்டுக் கழிச்சுக்கவான்னு கேட்டேன். சரின்னீங்க."

"எப்படா சொன்னேன்?"

அறை அவர் குரலையே போட்டுக் காட்டியது. "சரி சரி, போன வை." தொல்லை விட்டால் போதுமென்று எல்லோரிடமும் அவர் சொல்வதுதான்.

"மத்தியானம் வந்துடும் ஐயா. நாள் வாடகை மூவாயிரம். அதுல ஆயிரம் உங்க பாக்கியில கழிச்சுக்கிறேன். எந்த வீட்டுக்கு?"

"என் வீட்டுக்குத்தான். என் பொண்டாட்டி போயிட்டா."

"ஆழ்ந்த இரங்கல் ஐயா. நாளைக் காலையில பெட்டிய திருப்பித் தந்துடணும். அடுத்த புக்கிங் இருக்கு."

"மக துபாய்லேருந்து நாளைச் சாயங்காலம்தான் வர்றா. அம்மா மொகத்தப் பாக்க வேணாமா? வேற பெட்டி குடு."

"ஊர்ல இருக்கிற எல்லாப் பெட்டியும் இப்ப என்னை மாதிரி அறைங்ககிட்டதான் ஐயா. எதுவும் காலியில்ல. காலை வரைக்கும், சரிதானே?"

சித்திரை வெயில் அதற்குள் அம்சவேணியைக் கிடத்தியிருந்த கட்டில்வரை வந்துவிட்டது. பொன்னுரங்கம் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"சரி," என்றார். இந்த முறை போனை வைக்கச் சொல்லவில்லை.