எல், ஐ

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கட்டும் என்று கிளம்பிய மேதாவி நான், இப்போது இரண்டையுமே எழுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் நிற்கின்றன. "எல்.ஐ. கீது, சி எங்க மாப்ள? பாலிசி பூட்ச்சா?" என்கிறார் மாமனார் தாமோதரன். நெட்டுக்குப்பம் படகுத்துறைக்கு விளக்கு கேட்டு என் மனைவி சினேகா மூன்று நாள் தட்டிய மனு இதற்குள்தான் இருக்கிறது. நாளை திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனுநாள். "கோவமா?" என்கிறேன். "வேலயப் பாரு" என்கிறாள். லினக்ஸை அவசரத்துக்கு எழுப்ப எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பி உள்ளே போய்க் கரகரக்கிறது. மதிய வெயில் கீபோர்டில் படிந்த சாம்பல் தூசியையும், அதில் என் விரல் தடங்களையும் காட்டுகிறது. எழுப்பிவிடும் நிரலை மறுபடி எழுதி, மெஷினை அணைத்துப் போடுகிறேன். விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, யார் வேண்டும் என்று காத்திருக்கின்றன. விண்டோஸைத் தேர்ந்தெடுக்கிறேன். மனு பத்திரமாக இருக்கிறது. சினேகா ஸ்டூலை இழுத்துப் போட்டு, உதடு அசைய, முதல் வரியிலிருந்து கையெழுத்துக்கு விட்ட வெற்றிடம்வரை படிக்கிறாள். மாமனார் விடும் பெருமூச்சில் மத்தி வறுவல் மணக்கிறது. "கோவமா சினேகா?" திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள். "ஆமா, கோவந்தான். சாய்ங்காலம் வரிக்கும் இருக்கும்."