கண்ணாடிப் பிடி

மனைவி நெரெய்தா இறந்தபின் ஒஸ்மானி தன் பழைய செவர்லே காரை விற்க நினைத்தார். விளம்பரத்துக்காக அதை ஹவானா கடற்கரைச் சாலையில் நிறுத்தி நான் படமெடுத்தேன். கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கும் பிடி, எங்கள் ஊர்க் கார்கள் பலவற்றில் போல, ஒன்றுதான்; அதையே நான்கு கதவுக்கும் கழற்றி மாட்ட வேண்டும். அது அவர் சட்டைப்பையில் இருந்தது.

அந்தி வெளிச்சத்தில் மட்டும் எடுத்த படங்களில் நெரெய்தா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி மூடியிருந்தது. பிளாஷ் போட்டு எடுத்தவற்றில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு படத்திலும் இன்னும் கொஞ்சம்.

"இந்தக் கேமராவைத் தூக்கிக் கடல்ல போடணும்," என்றேன்.

ஒஸ்மானி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்குப் புழுக்கம் ஆகாதுடா. பிடியைக் குடு, குடுன்னு வழியெல்லாம் உசிரை எடுப்பா."

"அப்போ விளம்பரம்?"

"வேணாம், விடு."

பிடியை நெரெய்தாவின் காலி இருக்கையில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினார். வளைவில் திரும்பும்போது அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.