நாற்பது நிமிடக் காற்று

“கதவைத் திறக்கக் கூடாது! அந்தத் தளபதி மானஸ்தனா இருந்தா திறக்கவே மாட்டான்!”

எவாரிஸ்டோ சுருட்டு வெட்டும் கத்தியைத் தரையில் வீசினார்.

கியூபாவில், பினார் டெல் ரியோவின் அந்தச் சுருட்டுத் தொழிற்சாலையில் வாசிப்பது பிடித்திருந்தால் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் தரையில் எறிவார்கள். சுருட்டுபவர்கள் கேட்க மேடையில் அமர்ந்து கதை வாசிக்கும் யாமிலாவுக்கு அதுதான் தீர்ப்பு.

மூன்று மாதமாக வெள்ளிதோறும் ஓர் அத்தியாயம், புதிய விண்வெளித் தொடர்கதை. எழுதுவது யாரென்று யாமிலா சொல்வதில்லை. தளபதியான தந்தையின் சொல்லை மீறி, செவ்வாய்ச் சுரங்கத்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போன நெரியா, இன்று சிறிய ஓடத்தில் திரும்பி வந்து அவருடைய விண்கலத்தின் கதவைத் தட்டினாள். அவளிடம் மிச்சமிருப்பது நாற்பது நிமிடக் காற்று.

“அடுத்த வாரம் கடைசி அத்தியாயம். திறக்கலாமா, கூடாதான்னு நீங்களே சொல்லணுமாம்,” என்றாள் யாமிலா.

“இதைக் கேக்க வேற வேணுமா?” என்று இளைஞன் நிவால்டோ துள்ளினான். “பெத்த பொண்ணு மூச்சு முட்டி நிக்கிறா. இவன் கௌரவத்தையா அவ மூச்சா இழுப்பா?”

கத்திகள் பலகையில் தடதடத்தன.

“உனக்குப் பொண்ணு இருக்காடா, பேச வந்துட்டே? படி தாண்டினவ தாண்டினவதான். ஏழு வருஷமா என் வீட்டுல அதுதான் சட்டம்!” என்று சீறினார் எவாரிஸ்டோ.

அவர் மகள் ஒடாலிஸ் ஒரு லாரி டிரைவரோடு போனது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை.

பக்கத்து மேசை டொமிட்டிலா இன்று எடுத்தாள்.

“ஒடாலிஸ் வந்து தட்டினாலும் இதேதானா, அண்ணே?”

“உன் இலையைப் பார்த்துச் சுருட்டு! யாமிலா, ஓட்டு எடும்மா.”

“திறக்கணும்னு சொல்றவங்க?”

நாற்பத்தொரு கத்திகள் இடித்த இடியில், பாதி சுருட்டிய சுருட்டுகள் உருண்டு ஓடின.

“கூடாதுன்னு சொல்றவங்க?”

எவாரிஸ்டோ மட்டும் எழுந்து நின்றார், முதுகு வளையாமல்.

“ஒத்த ஓட்டு!” என்று நிவால்டோ கைகொட்டினான். “பெருசு, உங்களுக்குன்னு கதவே இல்லாத கப்பல் ஒண்ணு செய்யச் சொல்லட்டுமா?”

“சிரிங்கடா. ஊரே அந்தப் பக்கம் நின்னாலும் நான் இந்தப் பக்கம்தான்.”

மணி அடித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் வெளியேறினார்கள். எவாரிஸ்டோ குனிந்து கத்தியை எடுத்துத் துடைத்தார். மேடைக்கு வந்தார்.

“பயலுங்க ஒருத்தனாவது என் பக்கம் வருவான்னு பார்த்தேன்,” என்றார்.

“மூணு மாசமா வரலையே, ஐயா,” என்றாள் யாமிலா.

அவர் சட்டைக்குள்ளிருந்து இரண்டு காகிதக் கட்டுகளை எடுத்தார். ஒன்றை நான்காகக் கிழித்தார். தன் கோணல் கையெழுத்து நிறைந்த இன்னொன்றை அவள் முன் வைத்தார்.

“கிழிச்சதுல திறக்கல. இதுல கதவு திறக்குது. வாசிச்சு முடிச்சதும் ஒடாலிஸுக்குத் தபால்ல போட்டுடும்மா. எழுதினவன் யாருன்னு அவளுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.”