கிளம்ப இருந்த ஹெலிகாப்டர்

மியூசியத்தில் வைப்பதற்காக ஒரு கிழட்டு ஹெலிகாப்டரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். துருவைச் சுரண்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து, புதுக் கண்ணாடி மாட்டியதும் அதற்குத் தலைகால் புரியவில்லை. வாலில் குடியிருந்த மைனாவைக் கூப்பிட்டது.

"வேற இடம் பாத்துக்கோம்மா. திறப்பு விழா அன்னிக்கு நான் கிளம்பறேன்."

மைனாவுக்குத் திக்கென்றது. முட்டை வைக்கிற நேரத்தில் எங்கே போய் இடம் தேடுவது? இதை யோசித்துக்கொண்டிருந்தபோதே ஆட்கள் வந்து, பாரம் குறையட்டும் என்று எஞ்சினைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

"உடம்பு எவ்வளவு லேசாயிடுச்சு பாத்தியா? பறக்கறதுக்குத்தான் இதெல்லாம்," என்றது ஹெலிகாப்டர்.

மைனா எட்டிப் பார்த்தது. எஞ்சின் இருந்த இடம் நல்ல விசாலமான அறையாக இருந்தது. அங்கேயே கூட்டைக் கட்டி முட்டை வைத்தது.

திறப்பு விழா வந்தது. யாரோ ரிப்பன் வெட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். காற்றில் சுற்றக் கூடாதென்று கம்பி போட்டுக் கட்டிய விசிறி அசையவே இல்லை. கூட்டம் கலைந்து வெகு நேரமானது.

கடைசியில் ஹெலிகாப்டர் மெதுவாகச் சொன்னது: "நீ முட்டை வச்சிருக்கியே, அதான் கிளம்பலை."

"உங்களுக்குப் பெரிய மனசுண்ணே," என்றது மைனா.

குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தது. ஒரு காலையில் அவை ஒவ்வொன்றாக எஞ்சின் இருந்த பொந்தின் வழியே வெளியே பறந்தன. கடைசிக் குஞ்சும் போன பிறகு ஹெலிகாப்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஏம்மா, அடுத்து எப்போ முட்டை வைக்கறதா உத்தேசம்?"