யுத்தப் பத்திரச் சிரிப்பு

பாலம்மா சுவரொட்டியை மேசையில் விரித்தாள். அது மறுபடியும் சுருண்டுகொண்டது.

விசாரணை அதிகாரி நவரட்ணராஜா ஒரு மூலையில் மைக்கூட்டையும் இன்னொரு மூலையில் தேநீர்க் கோப்பையையும் தூக்கி வைத்தார்.

படத்தில் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஒருத்தி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே, 'யுத்தத்தில் வெல்வோம், சேமிப்புப் பத்திரம் வாங்குவீர்' என்று கொட்டை எழுத்து. கீழே சின்னதாக, 'ஹந்தானைத் தோட்டம், 1943'.

புதிய பிரஜாவுரிமைச் சட்டப்படி, பத்து வருடமாக இலங்கையில்தான் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். தோட்டத்துப் பழைய பெயர்ப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது. அத்தாட்சி இல்லையென்றால் பிரஜாவுரிமை இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த பாலம்மா, கண்ணால் பாராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

"இது நீர்தானோ?"

"ஆமாங்க ஐயா."

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். படத்தில் இருந்தவளின் நெற்றியைத் தலைத்துணி மறைத்திருந்தது. மூக்கு ஒத்துப்போகலாம் போலிருந்தது.

"ஊருக்கெல்லாம் பத்திரம் வாங்கச் சொல்லியிருக்கிறீர். நீர் ஒண்டாவது வாங்கினனீரோ?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரியின் மீசையும் அசைந்தது.

"அப்ப இப்பவும் ஒருக்கால் சிரியும், பாப்பம்."

பாலம்மா படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு, இல்லாத கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

நவரட்ணராஜாவும் சிரித்துவிட்டார். அந்த அறைக்கு விசாரணைக்கு வந்த யாரும் சிரித்து அவர் பார்த்ததில்லை.

'ஆள் அடையாளம் சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

வெளியே அவள் புருஷன் காளிமுத்து பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பாலம்மா சரியென்று தலையை ஆட்டினாள். அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சுவரொட்டியைச் சுருட்டினாள். அந்தச் சிரித்த முகம் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே சுருட்டினாள்.

அது அடுத்த லயத்து ராக்கம்மாவின் முகம்.

போன மாதம் கண்டி ஸ்டேஷனில், இந்தியக் கப்பலுக்கு ஆளேற்றிப் போகும் தலைமன்னார் ரயில் நகரத் தொடங்கியபோதுதான் ராக்கம்மா அந்தச் சுவரொட்டியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"நான் வேறொரு ஐயாகிட்ட இதைக் காட்டினேன், அக்கா. பயத்துல அழுதுட்டேன். படத்துல இருக்கிறது நான் இல்லேன்னு எழுதிட்டாரு. நீங்க சிரிச்சிருங்க."