எத்தனை அங்குலம்

"படம்," என்றது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மடிக்கணினியின் குரல்.

வெர்னா அடுத்த வரிக்குப் போனாள். மறுபடியும், "படம்."

"கேட்டீங்களா? ஏரிப் பனி எத்தனை அங்குலம் இருந்தா மேல நடக்கலாம்னு சொல்ற இடம் இது. கண்ணு தெரியாதவங்களுக்கு உங்க கலைக்களஞ்சியம் சொல்றது இவ்வளவுதான்."

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிரெய்க் ஹால்வர்சன் சிரித்து மழுப்பினான். அந்த இணையக் கலைக்களஞ்சியத்தின் டுலூத் நகர அலுவலகத்துக்கு அவன்தான் பொறுப்பு.

"வெறும் அட்டவணையா இருந்துச்சு மேடம். அழகா படமா மாத்தினோம். அதுவுமில்லாம, பார்வை இல்லாதவங்க உறைஞ்ச ஏரி மேல எதுக்கு நடக்கப் போறாங்க?"

"மீன் பிடிக்க. நீங்க எதுக்குப் போறீங்க?"

நடந்ததை வெர்னா சொன்னாள்.

ஆரின் அவளோடு மீன் பிடிக்கிறவன். அவனுக்கும் பார்வை கிடையாது. போன வாரம் தனியாகப் போனான். கரையோரப் பனியில் துளை போட்டு, கையை விட்டு அளந்தான். மூன்று அங்குலம். போதுமா என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்தைத் திறந்தான்.

படம் என்றது.

போதும் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

உடைந்த பனிக்குள் விழுந்தவனைப் கரையில் கூடாரம் போட்டிருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். உயிர் பிழைத்தது. உறைந்துபோன மூன்று விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

பிரெயில் படித்துக்கொண்டிருந்த விரல்கள்.

இதைச் சொன்னபோது வெர்னாவின் குரல் உயரவில்லை.

"கேக்கவே கஷ்டமா இருக்கு மேடம்," என்றான் கிரெய்க். "ஆனா இதெல்லாம் விஞ்ஞானம். நாங்களா ஒரு நம்பரைப் போட்டு அது தப்பாயிட்டா யார் பதில் சொல்றது? கட்டுரை எழுதினவங்க ஏரிப் பனியிலேயே பெரிய ஆராய்ச்சி பண்ணினவங்க. அவங்ககிட்ட சொல்லி, உங்களை மாதிரி ஆளுங்களுக்கும் புரியற மாதிரி எளிமையா எழுதி வாங்கிடறேன்."

"சொல்லுங்க. இப்பவே கூப்பிடுங்க."

பேர்கூடக் கேட்டிராத இவளை அனுப்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. கணினியில் எண்ணைத் தேடி எடுத்து மேசைத் தொலைபேசியில் அழுத்தினான்.

வெர்னாவின் கோட்டுப் பையில் மணி அடித்தது.

அவள் எடுக்கவில்லை. அடிக்க விட்டாள். அவன் காதிலிருந்து ரிசீவரை மெல்ல இறக்குகிறவரை அடித்தது.

"நாலு," என்றாள். "நாலு அங்குலம். நம்பராத்தான் எழுதி அனுப்பினேன்."