கப்பல் நாளில் பச்சை பெயின்ட்

நியூசிலாந்தின் டனீடன் துறைமுகத்துக்குச் சுற்றுலாக் கப்பல் வரும் காலைகளில்தான் எல்ஸ்பெத் தன் வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறாள். செங்குத்தான தெருவில் கூட்டம் மூச்சு வாங்க ஏறி வருகிறது. கடல்பக்கத்து வெயில் ஈரப் பச்சையில் வழுக்குகிறது. "கோட்டை, அல்பட்ராஸ் பறவை, ரயில் ஸ்டேஷன் எல்லாம் பாத்தாச்சு. உலகத்துலயே செங்குத்தான தெரு இதுதான்!" என்று முழங்குகிறான் வழிகாட்டி கேலம். உடனே எல்லோரும் போனைச் சரிவுக்கு ஏற்பச் சாய்க்கிறார்கள். படத்தில் சாலை சமமாகிறது. அவள் வீடு குடிகாரனைப் போல் ஒருபக்கமாய்ச் சரிகிறது. வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி வேலியில் முதுகைச் சாய்த்துச் சிரிக்கிறாள். எல்ஸ்பெத் அவளைத் தடுக்காமல் பிரஷ்ஷை டப்பாவில் தோய்க்கிறாள். கேலம் பல்லைக் கடிக்கிறான். "ஏம்மா, ஈரம்னு ஒரு போர்டு வெச்சா என்ன?" "என் வீடு விழப்போகுதுன்னு ஊருக்கெல்லாம் காட்டுறீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" என்று திருப்பிக் கேட்கிறாள் எல்ஸ்பெத். சட்டைக்காரி இறங்கி நடக்கிறாள். அவள் முதுகில் வேலிக்கட்டைகள் மூன்று பச்சைக் கோடுகளாய், கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்ததுபோல் நேராகப் பதிந்திருக்கின்றன. எல்ஸ்பெத் பிரஷ்ஷை நீட்டி அந்த முதுகைக் கேலமுக்குக் காட்டுகிறாள். "அதைப் படம் பிடி. எவ்வளவு நேரா நிக்குது பாரு என் வேலியும் வீடும்!"